பூம்புகார் முதல் கோடியக்கரை வரை கடலோரமாக நடக்கணும்: பிப்ரவரிக்குத் திட்டம், யோசனை சொல்லுங்க

பென்னாகரம் அக்கா

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா ஒகேனக்கல்லில் முப்பது வருசத்துக்கு மேல பரிசல் ஓட்டினவர். இப்போ 66 வயசு, துடுப்பைக் கீழே வெச்சு ரெண்டு வருசம் ஆகுது. போன ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆத்துல கால் நனைச்சுக்கிட்டே, "இந்தத் தண்ணி கடல்ல போய்ச் சேர்ற இடத்தை நான் கண்ணால பார்த்ததில்லை"ன்னு சொன்னார். அதுல இருந்து எனக்கு வேற நினைப்பு இல்லை.

நான், தங்கை, தங்கை வீட்டுக்காரர், காலேஜ் படிக்கிற அவங்க பையன், அப்பா. அஞ்சு பேர். பூம்புகாரில் ஆரம்பிச்சு தெக்க கோடியக்கரை வரைக்கும் கரையை விட்டு விலகாம நடக்கணும்னு ஆசை. ஒரு வாரம் லீவு கிடைக்கும். எங்களுக்கு நடை புதுசு இல்லை. தைப்பூசத்துக்குப் பழனி வரைக்கும் ரெண்டு தடவை நடந்திருக்கோம். ஆனா அது ரோடு. வழியெல்லாம் பந்தல், அன்னதானம், கூட்டம். கடற்கரைன்னா நாங்க வேளாங்கண்ணிக்கு ஒரு தடவை சாயங்காலம் போய் ராத்திரியே திரும்பினதுதான்.

மொத்தம் எத்தனை கிலோமீட்டர் வரும்? எந்த மாசம் நல்லது? வழியில எங்க தங்குறது? அப்புறம், குறுக்கே ஆறு வந்தா இறங்கித் தாண்டிக்கலாம்னு அப்பா சொல்றார். அது சரியா?

பாலக்கோடு வாத்தியார்

அம்மா, புவியியல் பாடம் எடுத்தவன் என்பதால் முதல் கேள்விக்கு நான் வருகிறேன். நீங்கள் தேர்ந்த கரை கிட்டத்தட்ட நேராக வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிறது. அதனால் கணக்கு சுலபம். பூம்புகார் ஏறக்குறைய 11 பாகை 9 கலை அட்சரேகையில் இருக்கிறது, கோடியக்கரை 10 பாகை 17 கலையில். வித்தியாசம் 52 கலை. ஒரு கலைக்கு 1.85 கி.மீ. என்றால் 96 கி.மீ. வருகிறது. இது காக்கை பறக்கும் தூரம். ஆற்றைச் சுற்ற வேண்டியது, பாலத்துக்காக உள்ளே போய் வர வேண்டியது எல்லாம் சேர்த்து 120 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம்: பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் முதல் வாரத்துக்குள் முடியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம், அந்தக் கரையில் நடக்கக் கூடாது. ஜனவரி 28 அன்று மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். அதன் பிறகு டெல்டா ஆறுகளில் தண்ணீர் இறங்கிவிடும். வாடைக்காற்றும் அப்போது முழுக்க ஓய்ந்திருக்காது. தெற்கே நடப்பவர்களுக்கு அது முதுகுப் பக்கமாக வரும். ஏப்ரலுக்குப் பிறகு தெற்குக் காற்று முகத்தில் அடிக்கும்.

இன்னொன்றை உங்கள் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூம்புகாரில் காவிரி சின்ன வாய்க்கால் போலத்தான் கடலில் கலக்கும். ஒகேனக்கல்லில் பாறையைப் பிளந்துகொண்டு விழும் ஆற்றைப் பார்த்த கண்ணுக்கு அது மனசை அறுக்கும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது, அப்புறம் அரசலாறு, அதற்கும் கீழே கிளைக்குக் கிளை. எல்லாருடைய வயலுக்கும் பங்கு போட்டுக் கொடுத்த பிறகு மிச்சம் இருப்பதுதான் அங்கே வருகிறது. ஆனால் கேளுங்கள்: காரைக்காலில் கடலில் சேரும் அரசலாறு காவிரியின் கிளை. நாகூரில் சேரும் வெட்டாறு, நாகப்பட்டினத்தில் சேரும் கடுவையாறு, வேளாங்கண்ணிக்குத் தெற்கே வெள்ளையாறு, இவை மூன்றும் வெண்ணாற்று வழியாக வந்த காவிரித் தண்ணீர். நீங்கள் அந்த நடையில் காவிரியை ஒரு முறை அல்ல, ஐந்தாறு முறை தாண்டுவீர்கள்.

பென்னாகரம் அக்கா

சார், கடைசிப் பத்தியை அப்பாவுக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசலை. எழுந்து போய் அந்த ஆத்துப் பேரையெல்லாம் காலண்டர் பின்னாடி எழுதித் தரச் சொன்னார்.

காவேரிப்பட்டணம் தம்பி

அக்கா, எங்க ஊர் பேரும் காவேரிப்பட்டணம்தான், ஆனா ஓடுறது தென்பெண்ணை. அதனால எனக்கு இந்த இழை மேல தனிப் பிரியம்.

தங்குறதுக்கு எதுக்கு லாட்ஜ் தேடணும்? ரெண்டு டென்ட் வாங்கிக்கலாம். சவுக்குத் தோப்பு நிறைய இருக்கு, கரையிலயே படுத்துக்கலாம். அஞ்செட்டி பக்கம் நாங்க அப்படித்தான் படுப்போம். ஆறு விஷயத்துல பெரியவர் சொல்றது சரின்னு நினைக்கிறேன். பிப்ரவரியில தண்ணி முழங்கால் அளவுதான் இருக்கும்.

அக்கரைப்பேட்டை மகள்

நான் பொறந்தது நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை. கல்யாணம் ஆகி கிருஷ்ணகிரிக்கு வந்து பதினாலு வருசம். அப்பா, அண்ணன் எல்லாம் கடலுக்குப் போறவங்க. தம்பி சொன்ன ரெண்டையுமே நான் மறுக்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

முதல்ல ஆறு. முகத்துவாரத்துல இறங்கவே இறங்காதீங்க. முழங்கால் அளவா இருந்தாலும் இறங்காதீங்க. எங்க ஊர்லயே விவரம் தெரிஞ்சவங்கதான் தாண்டுவாங்க, அதுவும் நேரம் பார்த்து. படகு இருந்தா கேட்டு ஏறுங்க, இல்லைன்னா பாலத்துக்குப் போங்க. அரை நாள் போனாலும் போகட்டும்.

ரெண்டாவது டென்ட். வேண்டாம். இலங்கை பக்கத்துல இருக்கிற கரை. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் ரோந்து வரும். ராத்திரி முகம் தெரியாத ஆள் கரையில படுத்திருந்தா ஊர்க்காரங்களும் வந்து விசாரிப்பாங்க, அது அவங்க கடமை. எல்லாரும் ஆதார் அட்டையைக் கையில வெச்சிருங்க. கடல் பக்கம் ஆபத்துன்னா கூப்பிட 1093ன்னு ஒரு எண் இருக்கு, போன்ல போட்டு வெச்சுக்கங்க. இன்னொரு காரணமும் உண்டு. பிப்ரவரி, மார்ச்ல பங்குனி ஆமை முட்டை போடக் கரையேறும். ராத்திரி டார்ச் வெளிச்சம் பட்டா அது முட்டை போடாமலே திரும்பிடும். ராத்திரியில கரை ஆமைக்குத்தான்.

பென்னாகரம் அக்கா

தங்கச்சி, டென்ட் சரி, விட்டுட்டோம். ஆறு விஷயத்துல அப்பா விட மாட்டேங்கிறார். "நீரோட்டம் தெரியாத ஆளா நானு? சுழல்ல பரிசலைத் திருப்பினவன், முழங்கால் தண்ணிக்குப் பயப்படணுமா"ன்னு கேக்கறார். ஏன் கூடாதுன்னு அவருக்குப் புரியற மாதிரி எழுதுங்க. நான் சொன்னா கேக்க மாட்டார்.

அக்கரைப்பேட்டை மகள்

அக்கா, அவர் கேக்கறது நியாயம். தண்ணி தெரிஞ்சவர்கிட்ட "ஆபத்து"ன்னு ஒத்தை வார்த்தையில சொன்னா எடுபடாது. இதை அப்படியே வாசிச்சுக் காட்டுங்க.

பெரியப்பா, உங்க ஆறு எப்பவும் ஒரே பக்கம்தான் ஓடும். மேலே இருந்து கீழே. எங்க ஆறு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை திரும்பி மேல் பக்கமா ஓடும். கடல் ஏறும்போது உள்ளே வரும், வத்தும்போது வெளியே இழுக்கும். எங்க கரையில ஏத்தவத்தம் ஒரு மீட்டருக்குள்ளதான். பார்த்தா ஒண்ணுமே தெரியாது. ஆனா உள்ளே ஏறின தண்ணி முழுக்க அந்தக் குறுகின வாய் வழியாத்தான் வெளியே வரணும். அந்த நேரம் முழங்கால் தண்ணியே ஆளைச் சாய்ச்சு கடல் பக்கம் கொண்டுபோகும்.

அடியில பாறை கிடையாது. ஒகேனக்கல்லில் எந்தப் பாறை எங்கே இருக்குன்னு உங்க காலுக்குத் தெரியும், போன வருசம் இருந்த இடத்துலதான் இந்த வருசமும் இருக்கும். இங்கே மணல் திட்டு நேத்து இருந்த இடத்துல இன்னைக்கு இருக்காது. திட்டோட ஓரம் செங்குத்தா அறுத்து நிக்கும், மிதிச்சா இடிஞ்சு விழும், அடுத்த அடியில கழுத்தளவு. சில வருசம் மணல் முழுக்க அடைச்சு வாய் மூடியே கிடக்கும், அப்போ உலர்ந்த மணல் மேல நடந்தே போயிடலாம். மூடியிருக்கா திறந்திருக்கான்னு அன்னைக்குக் காலையில அந்த ஊர்ல கேட்டாத்தான் தெரியும். மேப்பைப் பார்த்துத் தெரியாது.

பென்னாகரம் அக்கா

வாசிச்சேன். "ரெண்டு தடவை திரும்பி ஓடுமா"ன்னு மூணு தடவை கேட்டார். அப்புறம், "அப்படின்னா அது என் ஆறு இல்லை, அந்த ஊர்க்காரன் ஆறு. அவன் சொல்றபடி கேப்போம்"னுட்டார். ரொம்ப நன்றிம்மா.

தொரப்பள்ளி

தாமதமாக வருகிறேன். ஓசூர் பக்கம் தொரப்பள்ளி என் ஊர். ராஜாஜி 1878இல் பிறந்த ஊர். உப்புச் சத்தியாகிரகத்துக்காக அவர் நடந்துபோய்ச் சேர்ந்த இடம் வேதாரண்யம் என்பதால் இந்த வழி என் மனசுக்கு நெருக்கமானது.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து 98 தொண்டர்களோடு கிளம்பி 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். சுமார் 240 கி.மீ., 15, 16 நாள். ஒரு நாளைக்கு 15, 16 கி.மீ. அப்போது அவருக்கு 51 வயது, உடம்பும் திடகாத்திரம் இல்லை. உங்கள் அணியில் 66 வயதுக்காரர் இருக்கிறார். ஒரு நாளைக்கு 25, 30 என்று போடாதீர்கள், 16ஐப் பிடியுங்கள்.

அந்த நடையில் என்னை உலுக்குவது தூரம் இல்லை. தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வழியில் இருந்த மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் வைத்தது என்று யாரைப் பிடிப்பது?

அதனால் என் வேண்டுகோள்: கோடியக்கரையில் முடிக்காதீர்கள். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது, அங்கே முடியுங்கள். முடிந்தால் ஏப்ரல் 13இல் கிளம்புங்கள்.

அரூர் பிசியோ

ஏப்ரல் வேண்டவே வேண்டாம் சார். உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வெயிலில், நிழலே இல்லாத மணலில், 66 வயதுக்காரரை நடக்க வைப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

மூட்டு வலிக்காரர்களைத் தினமும் பார்ப்பவன் என்ற முறையில் சில விஷயம். உலர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். அலை வந்து போன ஈர மணல் கெட்டியாக இருக்கும், எல்லாரும் அதில்தான் நடப்பார்கள். ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும். தெற்கே நடக்கும்போது கடல் இடது பக்கம். ஆறு நாளும் இடது கால் தாழ்ந்தே இறங்கும், வலது கால் உயர்ந்தே மிதிக்கும். வலது முட்டியும் இடது இடுப்பும்தான் முதலில் பேசும். திரும்பி வடக்கே நடக்கப் போவதில்லை, அதனால் தானாகச் சரியாகாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மேலே ஏறி, சமமான மணலிலோ ஊர் ரோட்டிலோ பத்து இருபது நிமிஷம் நடங்கள். அப்பாவுக்கு ஒரு கம்பு கட்டாயம், இடது கையில்.

வத்தல்மலை ஏறி இறங்கிப் பழகினால் மூச்சு பழகும், கணுக்கால் பழகாது. இன்றிலிருந்தே வாரம் மூன்று நாள் உழுத காட்டில் வெறுங்காலோடு அரை மணி நடங்கள். பழனிக்குப் போட்ட செருப்பு இங்கே ஆகாது. விரல் இடுக்கில் ஈர மணல் புகுந்தால் இரண்டாம் நாளே கொப்புளம். பின்வார் வைத்த, கழுவினால் உடனே காயும் சாண்டல் நல்லது. ராத்திரி நல்ல தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுப் படுங்கள்.

இடது கன்னம், இடது காது, இடது முழங்கை மூன்றும் காலை வெயிலில் கருகும். துண்டு போட்டு மூடிக்கொள்ளுங்கள். குடிக்க ஆளுக்கு மூன்று லிட்டர் சுமக்க வேண்டும். கரையோரக் கிணறு பல இடத்தில் உப்புக் கரிக்கும். பத்து மணிக்கு நடையை நிறுத்தி, மூன்றரைக்கு மேல் மறுபடி தொடங்குங்கள்.

தொரப்பள்ளி

டாக்டர் சொல்வது சரி. ஏப்ரலைத் திரும்பப் பெறுகிறேன். நினைவுத்தூணை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பென்னாகரம் அக்கா

அதை நாங்களும் விட மாட்டோம் அண்ணா. வேதாரண்யம் வழியாத்தானே கோடியக்கரைக்குப் போகணும். ரெண்டையும் பார்த்துடறோம்.

பெண்கள் ரெண்டு பேர் இருக்கோம். ஒதுங்குற இடம், துணி மாத்துறது பத்தி யாராவது வெளிப்படையா சொன்னா நல்லா இருக்கும். வழியில ஊர்க்காரங்க எங்களை எப்படிப் பார்ப்பாங்க?

அக்கரைப்பேட்டை மகள்

அக்கா, வெளிப்படையாவே சொல்றேன். சில குப்பங்கள்ல விடியக்காலையில கரைப் பக்கம் ஒதுங்குறவங்க இன்னும் இருக்காங்க. அந்த நேரம் ஊரை ஒட்டின கரையில நடக்காதீங்க, அவங்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். அந்தத் துண்டுக்கு மட்டும் ஊருக்குள்ள ரோட்டுல போயிடுங்க. உங்களுக்கு வேணும்னா எந்த வீட்டுலயும் பெண்கள்கிட்டப் போய்க் கேளுங்க. "ஒகேனக்கல்காரங்க, பூம்புகாரில் இருந்து நடந்து வர்றோம்"னு சொல்லுங்க, முதல்ல தண்ணி கொடுப்பாங்க, அப்புறம்தான் கேள்வி.

கரைங்கிறது எங்களுக்கு வேலை செய்யுற இடம். வலை காயும், வலை பின்னுவாங்க, கருவாடு காயும். விரிச்ச வலையை மிதிக்காதீங்க, தாண்டாதீங்க, சுத்திப் போங்க. கரைவலை இழுக்கும்போது கயித்துக்கு நடுவுல நுழையாதீங்க. கேக்காம போட்டோ எடுக்காதீங்க. வலை இழுத்த இடத்துல கெளுத்தி முள், திருக்கை முள் மணல்ல கிடக்கும். குத்தினா கால் வீங்கி நடை அன்னைக்கே முடிஞ்சிடும். அங்கே மட்டும் வெறுங்கால் வேண்டாம்.

பெரிய ஊர்ல கருங்கல் கொட்டித் தடுப்பு போட்டிருப்பாங்க. தரங்கம்பாடியில பார்ப்பீங்க. அது மேல ஏறி நடக்காதீங்க, கல் ஆடும். டேனிஷ்காரங்க 1620ல கட்டின கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிக்குது. கொஞ்சம் தள்ளி மாசிலாமணிநாதர் கோயிலோட முன்பக்கத்தைக் கடலே தின்னுட்டுது. கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்குன்னு பெரியப்பாவுக்கு அங்கே நின்னா புரியும்.

ஒரு விஷயம் எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். எழுதிடறேன். 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. எங்க ஊரும் பக்கத்துக் கீச்சாங்குப்பமும் பட்டது சொல்லி முடியாது. எங்க வீட்டுலயும் உண்டு. நீங்க போற கரை முழுக்க நினைவுத்தூண் இருக்கும், பேர் எழுதியிருக்கும். அங்கே ரெண்டு நிமிஷம் நில்லுங்க. ஆனா யார்கிட்டயும் "அன்னைக்கு என்ன ஆச்சு"ன்னு நீங்களா கேக்காதீங்க. அவங்களா சொன்னா உக்காந்து முழுசாக் கேளுங்க, நேரம் ஆச்சுன்னு எழுந்திரிக்காதீங்க.

பாலக்கோடு வாத்தியார்

அக்கரைப்பேட்டை மகளே, இதை எழுதியதற்கு வணக்கம் சொல்கிறேன்.

தங்குமிடம் பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லை. தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வரை கவலை இல்லை. நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா கோயில் இரண்டுக்கும் வருபவர்களால் அறைகள் ஏராளம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மாதா திருவிழாவில்தான் இடம் கிடைக்காது. சிக்கல் அதற்குத் தெற்கே. வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் வரை 34 கி.மீ. கரையில் செருதூர், காமேசுவரம், விழுந்தமாவடி, வெள்ளப்பள்ளம், நாலுவேதபதி, புஷ்பவனம் என்று ஊர்கள் உண்டு, லாட்ஜை நம்பிப் போக முடியாது. பாதி தூரம் நடந்து வேட்டைக்காரனிருப்புப் பக்கம் ரோட்டுக்கு ஏறுங்கள். நாகப்பட்டினம்–வேதாரண்யம் பஸ்ஸில் வேளாங்கண்ணிக்கே திரும்பிப் படுத்துவிட்டு, மறுநாள் விடியற்காலை அதே இடத்தில் இறங்கி மிச்சத்தை நடக்கலாம். பஸ் ஏறினால் நடை கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள், விட்ட இடத்தில்தானே தொடங்குகிறீர்கள்.

காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவே வாஞ்சூர் பக்கம் துறைமுகம் கரையை மறிக்கிறது. அங்கே ரோடு மட்டும்தான் வழி. கடுவையாற்றுக்கு அக்கரைப்பேட்டைப் பாலம்.

கோடியக்கரையில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. 1967இல் அறிவித்தது, 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே கால்நடையாக இஷ்டத்துக்குப் போக முடியாது, வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். பிப்ரவரியில் பூநாரைகள் இன்னும் இருக்கும். உங்கள் பையனுக்கு ஒரு பைனாகுலர் கொடுத்து அனுப்புங்கள்.

போவதற்கு, மைசூரிலிருந்து மயிலாடுதுறை வழியாகப் போகும் எக்ஸ்பிரஸ் தர்மபுரியில் ராத்திரி நிற்கும், விடிந்தால் மயிலாடுதுறை. அங்கிருந்து பூம்புகாருக்கு பஸ்.

காவேரிப்பட்டணம் தம்பி

அக்கா, டென்ட் யோசனைக்கு மன்னிச்சிடுங்க. சாப்பாட்டுக்கு ஒண்ணு சொல்றேன். வறுத்த ராகி மாவுல வெல்லமும் நிலக்கடலையும் போட்டு உருண்டை பிடிச்சு எடுத்துட்டுப் போங்க. வெயில்ல கெடாது. பத்து மணிக்கு நடையை நிறுத்துறப்போ ரெண்டு உருண்டை போதும்.

பென்னாகரம் அக்கா

ராகி உருண்டை அம்மாவே பிடிச்சுத் தர்றேன்னுட்டாங்க.

எல்லாரும் சொன்னதை வெச்சு இப்படி முடிவு பண்ணியிருக்கோம். பிப்ரவரி மூணாவது வாரம் ரயில். முதல் நாள் பூம்புகார்ல காவிரி வாயைப் பார்த்துட்டு, வானகிரி, சின்னங்குடி வழியாத் தரங்கம்பாடி. கோட்டையைப் பார்க்க மறுநாள் காலையில ஒரு மணி நேரம், அப்புறம் காரைக்கால். மூணாம் நாள் நாகூரோட நிறுத்திக்கிறோம். நாலாம் நாள் அக்கரைப்பேட்டை வழியா வேளாங்கண்ணி. அஞ்சாம் நாளும் ஆறாம் நாளும் சார் சொன்ன பஸ் ஏற்பாட்டுல வேதாரண்யம். ஏழாம் நாள் அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூண், மத்தியானத்துக்குள்ள கோடியக்கரை. ஒவ்வொரு ஆத்துக்கும் முன்னாடி ஊர்ல கேப்போம், படகு இல்லைன்னா பாலம். நான் எழுதித் தந்த அந்தக் காலண்டர் தாளை அப்பா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சிருக்கார். ஒவ்வொரு ஆத்துலயும் ஒரு கோடு போடணுமாம்.

தங்கச்சி, அப்பா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார். கரைவலை இழுக்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அவரும் கயிறு பிடிக்கலாமா? வெளியாளைச் சேர்த்துக்குவாங்களா?

அக்கரைப்பேட்டை மகள்

கேட்டாச் சேர்த்துக்குவாங்க அக்கா. இழுக்க ஆள் எப்பவும் குறைவுதான். நாலாம் நாள் நீங்க வர்றப்போ எங்க அண்ணனை அக்கரைப்பேட்டைப் பாலத்துல நிக்கச் சொல்றேன். பெரியப்பாவை இடுப்புல துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. கயிறு ஈரமா இருக்கும், தோள்ல போடாம இடுப்பு பலத்துல பின்னாடி நடந்து இழுக்கணும். மீன் வந்தா பங்கு உண்டு.